கிரேப் ரப்பர் வளையம்

இருளப்பனின் கராஜுக்குக் கூரை உண்டு. பன்னிரண்டு தகரம் போட்ட, எந்த மழைக்கும் ஒழுகாத கூரை. அப்படியிருந்தும் உள்ளே நின்ற சிவப்புக் காரை அவன் தார்ப்பாயால் மூடி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தான். கேட்டவர்களிடம் "மழைங்க" என்றான். பக்கத்திலேயே ஒரு ஜீப்பும் ஒரு லொறி எஞ்சினும் திறந்த வாக்கில் கிடந்தன. அதுகளுக்கு இல்லாத மழை இந்தக் காருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனுசன் என்ன பதில் சொல்லியிருப்பானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கார் சிவபாக்கியம் டீச்சருடையது. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவர்தான் அதிபர். ஊர் யாழ்ப்பாணப் பக்கம். பதினாறு வருடத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தபோது, இந்த அட்டைக்கடிக்கும் மழைக்கும் இரண்டு வருடம் தாங்கமாட்டார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் தாங்கினார். அவர் பேசுகிற தமிழைக் கேட்டு ஆரம்பத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகள், இப்போது தங்கள் பிள்ளைகளை அவரிடமே கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

அந்தப் பதினாறு வருடமும் அவருடைய காருக்கு இருளப்பனைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை. தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் வேலை பழகி, பிறகு தோட்டத்து எல்லையில் சொந்தமாகக் கராஜ் போட்டவன் அவன். சிங்கள ஆட்கள் அவனை "பாஸ் உன்னஹே" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "இருளப்பன் கை வச்சா ஒழுகாது" என்று நாலு தோட்டத்தில் பேச்சு. சும்மா சொல்லக்கூடாது, வேலைக்காரன்தான். ஆனால் அவனிடம் ஒரு வியாதி இருந்தது. "முடியாது" என்ற சொல் அவன் வாயில் வராது. "சாமான் இல்லை", "இன்னும் ரெண்டு கிழமை ஆகும்", "நான் பிழை விட்டுட்டேன்" என்பதும் வராது. தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும்.

டீச்சரும் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. வேலை முடிந்ததும் வருவார், சாவியை வாங்குவார். "சரி தானே, இருளப்பன்?" என்பார். "சரிங்க டீச்சர்" என்பான். "நீங்கள் சொன்னாச் சரி" என்று ஏறிப் போய்விடுவார். வேறு ஆட்களைப் போல பொனட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பது, கீழே குனிந்து பார்ப்பது, இதெல்லாம் அவரிடம் கிடையாது. அதில் இருளப்பனுக்கு அப்படி ஒரு பெருமை.

நடந்தது இதுதான். வளைவில் திரும்பும்போது வலது பக்கச் சக்கரத்தில் "டொக் டொக்" என்று சத்தம் வருகிறது என்று டீச்சர் காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு இருக்கிறதே, டிரைவ் ஷாஃப்ட், அதன் மூட்டில் கிரீஸ் வற்றிப்போயிருந்தது. பெரிய வேலை இல்லை. இருளப்பன் ஷாஃப்டைக் கழற்றினான், மூட்டைக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்தான், திரும்பப் பூட்டத் தொடங்கினான்.

பூட்டுவதில்தான் கவனம் வேண்டும். ஷாஃப்டின் உள்முனை கியர் பொக்ஸுக்குள் போகும். அது போகிற வாயில், ஒயில் வெளியே வராமல் பிடித்துக்கொள்ள மெல்லிய உதடு வைத்த ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும். அதுதான் ஒயில் சீல். ஷாஃப்டை இரண்டு கையாலும் தூக்கி, நேராகப் பிடித்து, அந்த உதட்டில் உரசாமல் உள்ளே தள்ளவேண்டும். கடைசியில் உள்ளேயிருக்கும் கம்பி வளையம் கவ்விப் பிடித்து "டக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். இருளப்பன் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். அன்றைக்குக் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் காதில் போன் இருந்தது. எஹலியகொடவிலிருந்து ஒரு லொறிக்காரன் பேசினான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "அதெல்லாம் நம்மகிட்ட ஒரு நாள் வேலைங்க" என்று பெருமை அடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் தள்ளினான். ஷாஃப்ட் ஒரு விரல் அளவு தாழ்ந்தது. அதன் பற்கள் சீலின் உதட்டைக் கிழித்துவிட்டன.

சாயங்காலம் பார்க்கும்போது கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒயில்.

அவிசாவளையில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நிலாமுக்குப் போன் போட்டான். வெளிநாட்டுச் சாமான் எதுவுமே ஒழுங்காக வராத காலம் அது. "அந்த சீல் இல்ல இருளப்பண்ணே" என்றான் நிலாம். "கப்பல்ல வந்தாத்தான் உண்டு. கொழும்புல பஞ்சிகாவத்தையில தேடிப் பாருங்க, யார்கிட்டயாவது பழைய ஸ்டொக் கெடக்கும். ஒரு நாள் மெனக்கெடணும்."

ஒரு நாள் மெனக்கெட்டிருக்கலாம். இல்லையென்றால் டீச்சரிடம் போய், "சீல் கிழிஞ்சிருச்சுங்க, என் பிழைதான், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த கிழமை ஓ-எல் சோதனை, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் அரசாங்கப் பரீட்சை. தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து நாலு பிள்ளைகள் எழுதுகிறார்கள். சோதனை தெஹியோவிட்டவில். கீழே கடைச் சந்திக்கு வரும் ஏழு மணி பஸ்ஸை நம்பமுடியாது என்று டீச்சரே தினமும் காரில் கூட்டிப்போவதாகத் தாய்மாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "சனிக்கிழமை கார் வேணும், இருளப்பன்" என்றார். "சனிக்கிழமை ரெடிங்க" என்று இவன் வாய் முந்திக்கொண்டது.

வாயைக் காப்பாற்ற மூளை ஒரு வேலை செய்தது. ரப்பர் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், தெரிந்த ஆளிடம் தடிப்பான கிரேப் ரப்பர் ஒரு துண்டு கேட்டு வாங்கினான். செருப்பு அடிக்குப் போகிற நல்ல வெள்ளைக் கிரேப். அதில் வட்டமாக ஒரு வளையம் வெட்டி, ஷாஃப்டில் இறுக்கமாகச் செருகி, கிழிந்த சீலின் வாயை அடைத்தாற்போல வைத்துப் பூட்டினான். வளையத்தின் தடிப்பால் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போகவில்லை. "டக்" சத்தம் வரவில்லை. இரண்டாம் தரமும் தள்ளினான், வரவில்லை. மூன்றாம் தரம் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, வந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். காருக்குக் கீழே விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

"புது சீல் போட்டாச்சுங்க டீச்சர். ஒரு வருஷத்துக்குக் கியர் ஒயில் பக்கமே பாக்க வேண்டாம். ஒரு சொட்டு விழுந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

"நீங்கள் சொன்னாச் சரி" என்று டீச்சர் ஏறிப் போனார்.

திங்கள் சரியாகப் போனது. செவ்வாயும் போனது. கணக்குச் சோதனை புதன்கிழமை. அன்று காலை கடைச் சந்தி தாண்டி இரண்டு மைலில், கித்துல் மரத்து வளைவில், கார் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் அசையவில்லை. அந்த இடத்தில் போனுக்குச் சிக்னலும் கிடையாது, பஸ்ஸும் சந்தியிலிருந்து வேறு ரோட்டால்தான் போகும். கடைசியில் ஒரு திரீவீலர் வந்தது. பின்னால் மூன்று பேருக்குத்தான் இடம். நாலாவது பிள்ளை துஷ்யந்தி, கணக்கில் கெட்டிக்காரி. "நீங்க மூணு பேரும் போங்கடா. நான் லேட்டா போனாலும் அரைவாசி நேரத்துல முடிச்சிருவேன்" என்று பையன்களை ஏற்றி அனுப்பினாள். பிறகு ஐம்பத்துநாலு வயது டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் அந்த ரோட்டில் ஓடினார்கள். திரீவீலர் திரும்பி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. அரை மணிக்கு மேல் யாரையும் உள்ளே எடுக்கமாட்டோம் என்றார்கள். டீச்சர் கும்பிட்டுக் கேட்டும் கேற்றைத் திறக்கவில்லை.

தோட்டத்து டிராக்டரில் கட்டி இழுத்து, பதினொரு மணிபோல காரைக் கராஜில் கொண்டுவந்து போட்டார்கள். பின்னாலேயே அந்தத் திரீவீலர்காரன் சுனில் வந்தான். "பாஸ் உன்னஹே, டீச்சர்கே கார் எக்கட்ட மொகத உனே?" என்று கேட்டான். டீச்சரின் காருக்கு என்ன ஆனது என்று. பக்கத்தில் டிராக்டர்காரனும் நின்றான்.

இருளப்பன் இன்னும் காரின் கீழே பார்க்கக்கூட இல்லை. ஆனால் தெரியும். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன வாய் திறந்தது.

"டீச்சர் ஒயில் பலலா நே" என்றான் சுனிலிடம். பிறகு டிராக்டர்காரனுக்குத் தமிழில், "ஒயில் பாக்காம ஓட்டியிருக்காங்க, வேற என்ன" என்றான். ஒரே பொய்யை இரண்டு பாஷையில் சொல்லி முடித்துவிட்டான். சொல்லிய மறுநிமிடமே காது இரண்டும் சூடாகின. அவர்கள் போனதும் தார்ப்பாயை எடுத்து மூடினான்.

மறுநாள் மத்தியானம், வேறு வழியில்லாமல், தார்ப்பாயின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காரை ஜாக்கியில் ஏற்றினான். ஷாஃப்ட் கியர் பொக்ஸிலிருந்து நழுவி வெளியே தொங்கியது. கியர் பொக்ஸில் ஒயில் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவன் வைத்த வளையமும் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் கொழகொழவென்று சாம்பல் நிறத்தில் எதுவோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்து எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. தட்டில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் அழகம்மா சோற்றுப் பொட்டலத்துடன் வந்தாள். அவனுடைய மனைவி. அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவள். பால் வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டு நேராக இங்கே வருவது இருபத்திரண்டு வருடப் பழக்கம். வந்ததும் முதல் வேலை, மூலையில் இருக்கும் பழைய ஒயில் டின்னில் இரண்டு விரலை விட்டு, கையெல்லாம் பரபரவென்று தேய்ப்பாள். விரலிலும் நகக்கண்ணிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பால் ஒயில் பட்டதும் இளகி, உருண்டு, கழன்று வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சோற்றை அவிழ்ப்பாள்.

அன்றைக்கும் தேய்த்தாள். இருளப்பன் தட்டிலிருந்து கண்ணை எடுத்து அவள் கையைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடமாகத் தன் கண்ணுக்கு முன்னால், தன்னுடைய ஒயிலிலேயே நடந்துகொண்டிருந்த சங்கதி. ஐயோ, என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"என்னாங்க?" அழகம்மா கிட்டே வந்தாள். தட்டைப் பார்த்தாள். கொழகொழப்பில் விரலை வைத்து இழுத்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். "இது நம்ம ரப்பருல்ல? ஒயில்ல ஊறிக் கெடக்கு. இது எங்கேருந்து வந்துச்சு?"

அவள் தட்டையும், தொங்குகிற ஷாஃப்டையும், தார்ப்பாயையும், அவன் முகத்தையும் ஒன்று மாற்றி ஒன்று பார்த்தாள்.

"புது சீலுன்னு சொன்னீங்க."

"கெடைக்கல புள்ள."

"கெடைக்கலன்னா கெடைக்கலன்னு சொல்றதுதானே? ஒயில் பட்டா ரப்பர் நிக்காதுன்னு லயத்துல தவழ்ற புள்ளைக்குக்கூடத் தெரியுமே. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் நினைக்கவில்லை. வாய் கொடுத்த வாக்கு ஒன்றைத்தான் நினைத்தான். அவன் தலை குனிந்தது. அழகம்மா சோற்றைப் பிரித்து வைத்தாள், அவன் கை வைக்கவில்லை. அவளும் சாப்பிடாமல் மடித்துக் கட்டிவிட்டாள்.

"பரிமளம் நேத்துலேர்ந்து மலைக்கு வேலைக்கு வரல" என்றாள் மெதுவாக. பரிமளம் துஷ்யந்தியின் தாய், அழகம்மாவின் அடுத்த நிரையில் வெட்டுகிறவள். "அந்தப் புள்ள மூலையில குந்திக்கிட்டு எந்திரிக்கவே இல்லையாம். எல்லாரும் டீச்சரைத்தான் ஏசுறாங்க. ஒயிலு பாக்காத பொம்பளைக்கு எதுக்குக் காருன்னு. மெக்கானிக்கே சொல்லிட்டாருங்கறாங்க. நீங்களா சொன்னீங்க?"

அவன் எழுந்து தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினான். அழகம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் இல்லாத மாதிரி அவனைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். டீச்சரை மாற்றச் சொல்லி வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியாகிவிட்டது, பெற்றோர் கையெழுத்து வைப்பதுதான் பாக்கி. பெற்றோர் சங்கத் தலைவர் சண்முகநாதன் முதலாளி, பஜாரில் பலசரக்குக் கடைக்காரர், கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இருளப்பனைக் கட்டாயம் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

புறப்படும்போது அழகம்மா ஒரு மார்ஜரின் டப்பாவை அவன் கையில் வைத்தாள். தட்டில் இருந்ததை வழித்து அதற்குள் போட்டிருந்தாள்.

"ஒங்களுக்குத்தான் வாய் வராதே. வராட்டி இதைத் தொறந்து வைங்க" என்றாள். அவளும் கூடவே வந்தாள்.

ஆறாம் வகுப்பு அறையில் பிள்ளைகளின் வாங்குகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பால் வெட்டுகிற பெண்கள். முன்னால் ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓடியதில் அவருடைய வலது கால் வீங்கியிருந்தது, செருப்பு போடாமல் வந்திருந்தார். இருளப்பன் அந்தக் காலைப் பார்த்துவிட்டுக் கடைசி வாங்கில் போய் ஒடுங்கினான். டப்பாவை வாங்குக்குக் கீழே வைத்தான்.

"இருளப்பன், முன்னுக்கு வாங்க" என்றார் முதலாளி. "நீங்கதான் மெக்கானிக். ஒரு வார்த்தை சொல்லுங்க, எல்லாருக்கும் தெளிவாப் போயிரும். கார் நின்னது ஒயில் இல்லாமத்தானே?"

இருளப்பன் எழுந்து முன்னால் போய் நின்றான். "ஒயில் இல்லாமத்தாங்க" என்றான். பொய் இல்லை. ஆனால் சொல்லிவிட்டு நின்ற நிலையில், பொய்யைவிட அது கேவலமாக இருந்தது. மேலே பேசத்தான் வாயைத் திறந்தான். வழக்கம்போலத் தொண்டையில் நின்றுவிட்டது.

டீச்சர் எழும்பினார். "இருளப்பனைக் கேட்டு என்ன செய்யிறது? அவர் நல்லாத்தான் செய்து தந்தவர்" என்றார். "கார் என்ர. ஒயில் பாத்திருக்க வேண்டியது நான். பாக்கேல்லை. அது என்ர பிழைதான். பரிமளம், உங்கட பிள்ளைக்கு நடந்ததுக்கு நான் என்ன சொல்லியும் ஈடாகாது. எல்லாரும் விரும்பினா நான் மாறிப் போறன்."

இருளப்பனுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒரு வருடத்துக்குப் பார்க்கவேண்டாம் என்று சொன்னவன் இங்கே நிற்கிறான். அதை அவர் மறந்துவிட்டாரா, இல்லை, மறக்காமல்தான் இப்படிச் சொல்கிறாரா?

அப்போது தாயின் பக்கத்தில் இருந்த துஷ்யந்தி எழுந்தாள். நாலு நாளில் முகம் இளைத்துப் போயிருந்தது.

"டீச்சர் மேல பிழை இல்ல" என்றாள். "கடைச் சந்தியிலேயே கார்ல ஊளையிடுற மாதிரி சத்தம் வந்துச்சு. நான்தான் சொன்னேன், நிப்பாட்டுவமா டீச்சர், ஏழு மணி பஸ் இன்னும் போகல, அதுல போயிரலாம்னு. டீச்சரும் பிரேக்கை மிதிச்சாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, 'இருளப்பன் கை வச்ச வண்டி, ஒண்டும் நடக்காது, பயப்பிடாதை'ன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு இருளப்பனைப் பார்க்கக்கூட இல்லை, உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் டீச்சருக்காகப் பேசினாள்.

பஸ் இருந்திருக்கிறது. நேரமும் இருந்திருக்கிறது. தன்னுடைய பேரை நம்பித்தான் அந்தக் காரை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள். இருளப்பன் பின்னால் போய், குனிந்து, வாங்குக்குக் கீழே இருந்த டப்பாவை எடுத்தான். முன்னால் வந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தான். மூடி கைதவறித் தரையில் உருண்டது.

"என்னதிது?" என்று முதலாளி எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவருக்குத் தெரியாது. பெண்கள்தான் எழுந்து வந்தார்கள். பரிமளம் முதலில் வந்தாள். விரலால் தொட்டு இழுத்தாள், மோந்து பார்த்தாள். அடுத்தவளிடம் தள்ளினாள். அவளும் தொட்டுப் பார்த்தாள். யாருக்கும் யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. தினமும் மத்தியானம் தங்கள் கையிலிருந்து அவர்கள் உருட்டிப் போடுகிற பொருள்.

"கிரேப்பு" என்றாள் பரிமளம். "ஒயில்ல கரைஞ்ச கிரேப்பு. இது எங்கண்ணே இருந்துச்சு?"

"டீச்சர் கார்ல" என்றான். "கியர் பொக்ஸ்ல. நான்தான் வச்சேன்."

பின்வாங்கிலிருந்து யாரோ, "ஒயிலுக்கு ரப்பரா!" என்று களுக்கென்று சிரித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நாலு தோட்டத்துக்கும் பாஸ் உன்னஹே, ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன், ஒயிலுக்கு ரப்பர் வைத்திருக்கிறான். பிறகு என்ன நடந்திருக்கிறது என்று விளங்கியதும் சிரிப்பு அடங்கியது. அந்த அடங்கல்தான் தாங்கமுடியாததாக இருந்தது.

அதற்குப் பிறகு வாய் வந்தது. "சீலைக் கிழிச்சதும் நான்தான். புது சீல் கெடைக்கல. கெடைக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இதை வச்சேன். ஷாஃப்ட் ஒழுங்காப் பூட்டலன்னும் தெரியும். புது சீலுன்னு டீச்சர்கிட்ட பொய் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு ஒயில் பாக்க வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் டீச்சர் ஒயில் பாக்கலன்னு மொதல்ல வெளிய சொன்னவனும் நான்தான்." பிறகு முதலாளியைப் பார்த்தான். "டீச்சர் எங்கயும் போகக்கூடாதுங்க."

ஏசுவார்கள் என்று காத்திருந்தான். ஏசினால் கொஞ்சம் லேசாக இருக்கும். பரிமளம் முந்தானையில் விரலைத் துடைத்தாள்.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, விடிய முன்ன எந்திரிச்சு நாங்களே நடந்து கூட்டிக்கிட்டுப் போயிருப்போமேண்ணே" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முதலாளி கடிதத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் குடையைத் தேடினார்.

டீச்சர் மட்டும் மேசையிலேயே இருந்தார். "நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னன், இருளப்பன்" என்றார். "பயப்பிடாதை எண்டு சொன்னன்."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இருளப்பன் கொழும்புக்குப் போனான். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினான். எட்டுக் கடையில் இல்லை. ஒன்பதாவது கடையில் தூசி படிந்த பெட்டிக்குள் ஒரே ஒரு சீல் இருந்தது. நிலாம் சொன்ன மாதிரியே ஒரு நாள் மெனக்கெட்டால் கிடைத்துவிட்டது. அந்த நினைப்பில், திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்கு இருக்கையில் உட்காரவே கூசியது.

செவ்வாய்க்கிழமை தார்ப்பாயைக் கழற்றி மடித்து வைத்தான். போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். கியர் பொக்ஸின் வாயை மூன்று தரம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். உள்ளே பற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நல்ல வேளை, தப்பியிருந்தன. புது சீலைச் சுற்றிவரச் சமமாகத் தட்டி உட்காரவைத்து, அதன் உதட்டில் விரலால் ஒயில் பூசினான். ஷாஃப்டின் முனைக்குப் புதுக் கம்பி வளையம் போட்டான். இரண்டு கையாலும் தூக்கி, நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினான். "டக்." பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. ஒயிலை ஊற்றி, கீழே வெள்ளைக் காகிதம் விரித்து, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டான். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வந்தார், கொஞ்சம் நொண்டிக்கொண்டு. இருளப்பன் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"சரி தானே, இருளப்பன்?" என்று அவர் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, கைப்பையைப் பொனட்டின் மேல் வைத்தார். சேலையை ஒதுக்கி, வீங்கிய காலை நீட்டி, மற்ற முழங்காலைச் சிமெந்துத் தரையில் ஊன்றி, ஒரு கையையும் ஊன்றிக் குனிந்தார். போனின் வெளிச்சத்தைக் காருக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

இருளப்பன் பக்கத்தில் நின்றான். அவர் குனிந்திருந்த அந்த நேரம் முடிவதாக இல்லை. கண்ணில் நீர் முட்டியது. துடைக்கலாம் என்றால் கையெல்லாம் ஒயில்.

"வலது பக்கம்ங்க டீச்சர்" என்றான். "இன்னும் கொஞ்சம் உள்ள பாருங்க."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, உள்ளேயும் பார்த்தார்.